பட்டும் படாமலும்

சால்வர் மறுபடியும் நின்றுவிட்டது.
இரவு பதினொன்று பத்து. ரியேகா துறைமுகத்தின் மேல்
பூரா காற்று மலையிலிருந்து இறங்கி
ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
திரையில் ஒரே வரி:
மாதிரி கட்டுப்பாடின்றி நகர்கிறது.

உருவத்தை வரவழைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.
எட்டு டன் சாய்தளம், லாரிகள் ஏறவேண்டியது,
கப்பலை விட்டுக் கழன்று
வெள்ளை வெளியில் போய்க்கொண்டே இருக்கிறது,
சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு
வீட்டைவிட்டுக் கிளம்பியவனைப் போல.

வெட்ரான் வரைந்து அனுப்பியது. கெட்டிக்காரப் பையன்.
அவன் கண்ணுக்குக் கீலின் காதும் தகடும்
ஒட்டித்தான் இருக்கின்றன. என் கண்ணுக்கும்தான்.
பெரிதாக்கினேன். இன்னும். இன்னும்.
மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு
இருட்டு.
தலைமயிர்கூட நுழையாத இடுக்கு.
அதைத் தாண்ட விசைக்குக் கால் இல்லை.

பட்டும் படாமலும் இருப்பதற்கு
மனிதர்கள் மத்தியில் பக்குவம் என்று பெயர்.
இங்கே வேலைக்காகாது.

தைத்தேன்.
ஒரே இடத்தில் இரண்டிரண்டாய் உட்கார்ந்திருந்த கணுக்களை
ஒன்றாக்கினேன், முந்நூற்றுப் பதினாறு ஜோடி.
ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடந்த இரட்டைத் தகட்டில்
ஒன்றை அழித்தேன்; எடை குறைந்தது.
எப்போதோ கைவிட்ட துளையின் மிச்சமாய்
ஈர்க்குபோல் ஒரு பரப்பு, யாருக்கும் வேண்டாதது,
அதை நிரப்பவே வலை
நாலாயிரம் முக்கோணங்களைச் செலவழித்திருந்தது,
அத்தனையும் ஊசி.
பக்கத்துப் பரப்போடு கரைத்துவிட்டேன்.

ஓடியது.
காபி ஆறிப்போயிருந்தது.

உள்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி.
தகைவு இருநூற்று எண்பது.
வலையைப் பாதியாக்கினேன்: முந்நூற்று எண்பத்து நாலு.
மறுபடி பாதி: ஐந்நூற்று இருபத்தாறு.
இன்னும் நுணுக்கினால் இன்னும் ஏறும்.
கூர்மூலைக்கு ஆரம் பூஜ்யம்,
பூஜ்யத்திடம் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும்.
அனுமதியோ இருநூற்று முப்பத்தைந்து.

அந்தப் புள்ளியைப் பொருட்படுத்த வேண்டாமென்று
அறிக்கையில் ஒரு வாக்கியம் எழுதி மூடிவிடலாம்.
எல்லோரும் எழுதுவது. நானும் எழுதியிருக்கிறேன்.

கப்பல் கட்டும் தளத்துக்கு ஃபோன் அடித்தேன். இரவு ஷிஃப்டில் ஷிமே.
"வலப்பக்கக் கீல், காது தகட்டைச் சந்திக்கிற உள்மூலை,
உண்மையில் கூரா?"
"இரு."
லைனைத் துண்டிக்காமலே போனான்.
காற்று. கிரைண்டர். யாரோ இருமுகிறார்கள்.
இரும்பு ஏணியில் பூட்ஸ்.
பதினான்கு வருடமாய் மூலைகளோடு பிழைப்பு,
ஒரு மூலையை நோக்கி ஒரு ஆள் நடந்துபோகிற சத்தத்தை
இப்போதுதான் கேட்கிறேன்.

"கட்டைவிரல் உட்காருகிறது."
"சரியாகவா?"
"சொகுசாக. வெல்டை வழித்துவிட்டேன், போன வாரமே.
கூரான மூலை எனக்குப் பிடிக்காது."
வரைபடத்தில் அது இல்லையே என்றேன்.
"வரைபடத்தில் நான்கூடத்தான் இல்லை, டிஹானா."

ஆரம் அளந்து சொன்னான், பன்னிரண்டு மில்லி.
மூலையை வளைத்தேன். அவன் விரலின்மேல்
வலை வழுக்கிப் படிந்தது.
இருநூற்றுப் பதினொன்று.
பாதியாக்கினேன்: இருநூற்றுப் பதினாலு.
மறுபடி பாதி: அதே பதினாலு.
நாற்காலியில் சாய்ந்தேன்.
அப்புறம்தான் கேட்கத் தோன்றியது,
இடப்பக்கக் கீலும் இப்படித்தானே?

ஷிமே பதில் சொல்லவில்லை.
"அது வேறு ஷிஃப்ட் செய்தது," என்றான் கடைசியில்,
"இரு."

கூர்மூலை இருந்த பழைய கோப்பை
நான் இன்னும் அழிக்கவில்லை.
காற்று. கிரைண்டர்.
ஏணியில் பூட்ஸ்.